சந்தனம் வெடித்த டிஸ்க்

பாக்கியலட்சுமி எந்த இடத்துக்கு வேலைக்குப் போனாலும் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுவாள்: "கடைசியா யாரு தொட்டது?"

வணக்கம் கிடையாது, நல்லாயிருக்கீங்களா கிடையாது. இந்தக் கேள்விதான். உடனே எல்லாரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்ப்பார்கள். "யாரும் தொடலீங்க, அதுவா நின்னுபோச்சு" என்று யாராவது ஒருத்தர் சொல்வார். "அதுவா நிக்கிறதுக்கு அது இன்னா மாட்டு வண்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பாள். பொம்மையார்பாளையத்து கெஸ்ட் ஹவுஸ்காரர்களிலிருந்து மரக்காணத்து மெடிக்கல் ஷாப்காரர் வரை எல்லாரும் இந்தத் திட்டை வாங்கியிருக்கிறார்கள். வாங்கிக்கொண்டு, அடுத்த தடவை மெஷின் படுத்தால் அவளுக்குத்தான் போன் போடுகிறார்கள்.

நான் விஜயலட்சுமி. மரக்காணத்து உப்பளத்தை ஒட்டி இருக்கிற சின்ன சமுதாய வானொலி நிலையத்தில் நிகழ்ச்சி நடத்துகிறவள். எனக்கும் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். அதனால் எனக்கும் பாக்கியத்துக்கும் ஆரம்பத்தில் ஒத்தே போகவில்லை. தவிர, எதைப் பார்த்தாலும் ஆ என்று வாயைப் பிளக்கிற ஜாதியும் இல்லை நான். கடலில் ராக்கெட் விழுந்தது என்றாலும் "சரி, யாருக்கு அடி?" என்று கேட்கிறவள். அப்படிப்பட்ட நான் போன ஆயுத பூஜைக்குப் பிறகு ஒரு வாரம் வாயைப் பிளந்தபடியே திரிந்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

பாக்கியத்தின் அம்மா அப்பா இரண்டு பேரும் உப்பளத்தில் கூலி வேலை. அவள் திண்டிவனத்தில் டிப்ளமோ படித்தாள். பிறகு குயிலாப்பாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சில வருஷம் வேலை. வெளிநாட்டுக்காரர்களின் லேப்டாப்பை எல்லாம் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கம் சொந்தமாகக் கடை போட்டாள். இங்கே மெஷின்களைக் கெடுப்பது வைரஸ் இல்லை, உப்புக் காற்று. கனெக்டர், போர்டு, ஃபேன் என்று எதையும் விடாது; உள்ளே புகுந்து அரித்துவிடும். அவள் பையில் எப்போதும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் ரப்பர் ஒன்று இருக்கும். கனெக்டரின் தங்கப் பற்களை அந்த ரப்பரால் தேய்த்தால் பாதி மெஷின்கள் எழுந்து உட்கார்ந்துவிடும். "ஏசி ரூமு வேலைக்குப் போவேன்னு படிக்க வெச்சா, நீயும் உப்பைத்தான்டி சொரண்டுற" என்று அவள் அம்மா சொல்லிச் சிரித்தாராம். இதை அவளே எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வாள்.

எங்கள் நிலையத்தின் சர்வரையும் அவள்தான் வைத்துக்கொடுத்தாள். கறுப்பாக ஒரு பெட்டி. அதற்குள் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு ஹார்ட் டிஸ்க். இழுத்தால் மேசை டிராயர் மாதிரி வெளியே வரும். நாங்கள் பதிவு செய்கிற ஒவ்வொரு குரலையும் அந்தப் பெட்டி இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதும். ஒன்று செத்தாலும் இன்னொன்று இருக்கும். "கண்ணாடி மாதிரி" என்று விளக்கினாள். "ஆனா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. நல்லதைக் காட்டுற மாதிரியே தப்பையும் அப்படியே காட்டும். அதால வேற எடத்துல ஒரு காப்பி வெச்சுக்கோங்க." நாங்கள் தலையை ஆட்டினோம். காப்பி வைக்கவில்லை.

இப்போது கலியன் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். உப்பளத் தொழிலாளி. அவர் குரலுக்கு மைக்கே வேண்டாம். பாத்தியில் நின்று கூப்பிட்டால் அந்தக் கடைசி உப்பு அம்பாரம் வரைக்கும் கேட்கும். பெண்டாட்டி சீக்கிரமே போய்விட்டதால் மகள் தமிழ்நிலாவைக் குழந்தையிலிருந்தே உப்பளத்துக்குக் கூட்டிவந்துதான் வளர்த்தார். அது வரப்பு மேலே எங்கேயாவது ஓடிக்கொண்டிருக்கும். அவர் கூப்பிடுவார். அந்தச் சத்தம் எங்கள் சுவரையும் தாண்டி வந்து என் ரெக்கார்டிங்கில் விழும். எத்தனையோ தடவை ஜன்னலைத் திறந்து, "அண்ணா, கொஞ்சம் வாயைக் கட்டுங்க!" என்று கத்தியிருக்கிறேன். பிறகு அவரையே நிகழ்ச்சிக்குப் பிடித்துப்போட்டேன். தினமும் காலையில் போனில் வந்து, "இன்னிக்கு மேக்காத்து, பாத்தியில தண்ணி வெரசா இழுக்கும்" என்று நேரலையில் சொல்வார். ஊரே அதைக் கேட்டுத்தான் எழுந்திருக்கும். எழுந்து என்ன பிரயோஜனம், அதை ஒரு நாளாவது சேமித்து வைக்க வேண்டும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

போன சித்திரையில் அவர் தொண்டையில் கட்டி என்று தெரிந்தது. புதுச்சேரியில் ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துவிடுவார்கள், அப்புறம் பேச முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்குப் போகிற வழியில் கலியன் அண்ணன் எங்கள் நிலையத்துக்கு வந்தார். கையில் மாற்று வேட்டி வைத்த பை.

"பொண்ணு கல்யாணத்துல போடணும். ஒண்ணு பேசி வெக்கிறேன். நீ வெளிய இரு" என்றார்.

பதிவை ஓடவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்தேன். என்ன பேசினார் என்று தெரியாது. முடிந்ததும் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினார். திரும்பி வந்தபோது கழுத்தில் துண்டு சுற்றியிருந்தது, குரல் இல்லை. எழுதிக் காட்டவும் தெரியாது, கையெழுத்து மட்டும்தான். அந்த அறைக்குள் அவர் மகளுக்கு என்ன சொன்னார் என்பது அந்தப் பெட்டிக்கு மட்டும்தான் தெரியும்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் நிலையத்தில் கதவு திறப்பதிலிருந்து சவுண்டு பார்ப்பது வரை எல்லாம் காசிலிங்கம் அண்ணன்தான். பூஜை என்றால் அவருக்கு ஒரு முறை உண்டு. வேலை செய்கிற பொருளை வெளியே எடுத்து, துடைத்து, பொட்டு வைத்தால்தான் பூஜை. பெட்டி மூடி மேலே பொட்டு வைப்பதெல்லாம் ஏமாற்று வேலை என்பார். மைக்கைத் துடைத்தார், ஹெட்போனைத் துடைத்தார். சர்வரை நிறுத்தி, இரண்டு டிஸ்க்கையும் வெளியே இழுத்தார். பற்களைக்கூட விடாமல் பளபளவென்று தேய்த்தார். சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பொரி கடலையோடு சாமி முன்னால் வைத்தார். பூசணிக்காய் உடைத்தோம். சாயங்காலம் இரண்டையும் திருப்பி உள்ளே தள்ளினார். எது மேலே இருந்தது, எது கீழே இருந்தது என்று பார்க்கவில்லை. பார்த்தாலும் தெரியாது. இரண்டும் அச்சாக ஒன்றுபோலத்தான் இருக்கும்.

லீவு முடிந்து திறந்த அன்று காலையிலேயே கலியன் அண்ணன் வந்துவிட்டார். கையில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. ஐப்பசி முதல் முகூர்த்தம். காதுப் பக்கம் கையை வைத்துக் காட்டி, பிறகு உள்ளங்கையை நீட்டினார். அந்தப் பேச்சைக் கொடு என்று அர்த்தம்.

"இதோ, ஒரு நிமிஷம்ணா" என்று கம்ப்யூட்டரில் தேடினேன். இல்லை. சித்திரை மாசத்துப் பதிவு எதுவுமே இல்லை. வைகாசி இல்லை, ஆடி இல்லை. மாசி மாசத்தோடு எல்லாம் நின்றிருந்தது. திரும்பினால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நீட்டிய கை அப்படியே இருக்கிறது.

பாக்கியத்துக்குப் போன் போட்டேன். "மாசிக்கப்புறம் ஒண்ணையும் காணோம்டி!"

"ஸ்க்ரீன்ல இன்னா ஓடுது?"

"பச்சையா ஒரு கோடு நகருது. ரிப்பேர்னு போட்டிருக்குது."

"ஐயோ! வயரைப் புடுங்குக்கா!"

"ஒழுங்கா ஷட்டவுன்..."

"அதெல்லாம் வேணாம். வயரைப் புடுங்கு! இப்பவே!"

பிடுங்கினேன். ஒலிபரப்பும் சேர்ந்து நின்றுபோனது. இவ்வளவு நாள் கவனிக்காத உப்பளத்துக் காற்று அறைக்குள் கேட்டது.

தலையில் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். "கடைசியா யாரு தொட்டது?"

"நான்தாம்மா" என்றார் காசிலிங்கம். "பூஜைக்கு வெளிய எடுத்தேன். இன்னிக்குக் காலையில போட்டதும், ரிப்பேர் பண்ணட்டுமான்னு கேட்டுச்சு. ஆமான்னு அமுக்கிட்டேன். ரிப்பேர் பண்றேன்னு சொல்றதை வேணாம்னு எவனாச்சும் சொல்லுவானா?"

அந்தக் கேள்விக்கு நேரான பதில் பாக்கியத்தின் பிழைப்பிலேயே அன்றைக்குத்தான் கிடைத்ததாம். ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, "நல்லவேளை சொன்னீங்க. எல்லாத்தையும் சொல்லுங்கண்ணா" என்று தரையில் உட்கார்ந்தாள். அவள் யாரிடமும் இப்படித் தணிந்து பேசி நான் பார்த்ததில்லை.

கேட்டுக் கேட்டு, முடிச்சை அவிழ்த்தாள். மாசி மாசத்தில் ஒரு டிஸ்க்கின் பல்லில் உப்பு ஏறி, அது சத்தமில்லாமல் நின்றுவிட்டது. பெட்டியில் ஆரஞ்சு விளக்கு சிமிட்டியது. மும்முரமாக வேலை செய்கிறது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். அதற்குப் பிறகு வந்த குரல் எல்லாம் இன்னொரு டிஸ்க்கில் மட்டும்தான் ஏறியது. கலியன் அண்ணன் பேசியதும் அதில்தான். பூஜையன்று காசிலிங்கம் தேய்த்த தேய்ப்பில் நின்றுபோன டிஸ்க்கின் உப்பு போய்விட்டது. இடமும் மாறி மேலே உட்கார்ந்ததால், அது எழுந்து, நான்தான் மூத்தவன் என்று சொல்லிக்கொண்டது. ரிப்பேர் என்ற பெயரில், தன்னிடம் இருந்த பழசை எடுத்துப் புதுசின் மேலே எழுத ஆரம்பித்துவிட்டது.

"அப்போ நல்லதை அழிச்சிட்டே இருந்துச்சா?" என்றேன்.

"நீ வயரைப் புடுங்குற வரைக்கும். எவ்ளோ தூரம் தின்னுச்சோ தெரியல."

காசிலிங்கம் அண்ணன் சுவரோரம் போய்க் குந்திவிட்டார். கலியன் அண்ணன் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை வைத்தார். எனக்கு யாரையாவது திட்ட வேண்டும் போல இருந்தது, திட்ட ஆள் இல்லை.

பாக்கியம் இரண்டு டிஸ்க்கையும் வெளியே எடுத்து மேசையில் வைத்தாள். எடுத்த வேகத்தில் எது எந்தத் தட்டில் இருந்தது என்று கவனிக்காமல் விட்டுவிட்டு, என்னைக் கேட்டாள். எனக்கு அந்தப் பதற்றத்தில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "நீதானே எடுத்த!" என்று கத்தினேன். அவள் இரண்டின் மேலேயும் பூசியிருந்த சந்தனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.

"அக்கா, இங்க வா. இதைப் பாரு."

ஒன்றின் மேல் சந்தனம் வழவழவென்று ஒட்டியிருந்தது. இன்னொன்றில் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

"காசிண்ணா, மெஷினை நிறுத்தினதும் உடனே சந்தனம் வெச்சீங்களா?"

"ஆமாம்மா. நல்ல நேரம் போயிடும்னு உடனே வெச்சேன்."

"அப்பிடின்னா வெடிச்சதுதான் ஓடிட்டிருந்த டிஸ்க்கு. சூட்டுல படக்குனு காஞ்சு வெடிச்சிருக்குது. வழவழன்னு இருக்கிறது மாசியிலேர்ந்து ஜில்லுனு தூங்கினது."

என் உடம்பு சிலிர்த்துவிட்டது. உள்ளதைச் சொல்கிறேன், கோவிலில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை. ஆனால் அவள் அதோடு விடவில்லை. "சந்தனத்தை நம்பிக் கை வெக்க முடியாது" என்று இரண்டையும் தன் லேப்டாப்பில் மாட்டினாள். தான் பிறந்ததிலிருந்து எவ்வளவு நேரம் ஓடினேன் என்று ஒவ்வொரு டிஸ்க்கும் தனக்குள்ளேயே குறித்து வைத்திருக்குமாம். அதைப் படித்தாள். வெடித்த சந்தனம்தான் அதிகம் ஓடியிருந்தது. அப்போதுதான் மூச்சை விட்டாள்.

பிறகு, அந்த டிஸ்க்கில் எதையும் மாற்றாமல் அதைப் புதிதாக ஒன்றில் அப்படியே நகல் எடுக்க ஆரம்பித்தாள். "வேலையெல்லாம் நகல்ல. மூலத்து மேல கை வெக்க மாட்டேன்." அது மெதுவாக ஊர்ந்தது. பிரசவ வார்டு வாசலில் உட்கார்ந்திருப்பது போல நாங்கள் உட்கார்ந்திருந்தோம். கலியன் அண்ணனை வீட்டுக்குப் போகச் சொன்னால் போகவில்லை.

மறுநாள் காலையில் பாக்கியம் விஷயத்தைச் சொன்னாள். எந்தப் பதிவு எங்கே இருக்கிறது என்று எழுதி வைக்கிற இடம் டிஸ்க்கின் முன்பக்கத்தில் இருந்தது. மெஷின் முதலில் தின்றது அதைத்தான்.

"பேரு போச்சு, தேதி போச்சு. ஆனா குரலுங்க பின்னால உக்காந்திருக்கலாம்."

"இருக்கலாமா, இருக்குதா?"

"நான் இன்னா ஜோசியக்காரியா? ஒவ்வொண்ணா கேட்டாத்தான் தெரியும்."

எங்கே ஒலி தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று டிஸ்க் முழுக்கத் துழாவி, கிடைத்ததை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டது அவள் மென்பொருள். பெயரில்லாத குரல்கள். ஒன்றை அமுக்கினாள். மீன் விற்கிற பெண் ஒருத்தி நெத்திலி காயவைப்பதைச் சொன்னாள். அடுத்ததில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாடினார்கள். அடுத்ததில் நர்சம்மா நாய்க்கடிக்கு ஊசி போட வரச் சொன்னார். இரும்பை கிராமத்திலிருந்து ஒரு கிழவர் மாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே தும்மினார். ஒன்றில் வெறும் மழை, தகரக் கூரை மேலே. எப்போது எடுத்தேன், எதற்கு எடுத்தேன் என்று எனக்கே ஞாபகமில்லை. சில குரல்கள் பாதியில் அறுந்துபோயின. அறுபடும்போதெல்லாம் கலியன் அண்ணன் துண்டை இறுக்கிப் பிடித்தார்.

சோப்பு டப்பா அளவு இரும்பு. அதற்குள் எங்கள் கரையே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது. அழிந்துபோனதாக மெஷினே சொல்லிவிட்ட ஜனங்கள், ஒருத்தர் பின்னால் ஒருத்தராக வந்து வாயைத் திறந்தார்கள். இத்தனை வருஷமாக இந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேனே, ஒரு நாளாவது இதை நினைத்தேனா! வாயைப் பிளந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். பாக்கியமும் யாரையும் திட்டவில்லை.

மத்தியான வெயில் ஏறியபோது ஒரு பதிவு வெறும் அமைதியோடு தொடங்கியது. நாற்காலி நகர்ந்தது. ஒரு இருமல். பிறகு என் குரல்: "சிவப்பு லைட்டு எரியுது பாருங்கண்ணா. நான் வெளிய இருக்கேன்." கதவு சாத்துகிற சத்தம்.

கலியன் அண்ணன் பாய்ந்து வந்து ஸ்பீக்கரைக் கையால் மூடினார். வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பாக்கியம் நிறுத்தினாள். கல்யாணத்தில்தான், மகள்தான் முதலில் கேட்க வேண்டும். அவர் கண்ணில் தண்ணீர் கொட்டியது. பாக்கியத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"முழுசா வந்திருக்கான்னு பாக்கணும்ணா. நடுவுல அறுந்திருந்தா?" என்றாள். அவர் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை.

அவர் போன பிறகு, சத்தம் வைக்காமல் அந்தப் பதிவின் வடிவத்தை மட்டும் திரையில் விரித்துப் பார்த்தாள். குரல் இருந்தால் கோடு மலைபோல எழும், இல்லாவிட்டால் தட்டையாகக் கிடக்கும். இதில் குட்டையாக ஒரு மலை, நீளமாகத் தட்டை. மறுபடி ஒரு மலை, மறுபடி தட்டை. கடைசிவரை இப்படியேதான்.

"மனுஷன் பேசினா இப்பிடி வராதுக்கா" என்றாள். முகம் கறுத்துவிட்டது. "நடுவுல நடுவுல பழுதாயிருக்குது. பாதிக்கு மேல போயிருக்கும் போல."

"அவர்கிட்ட சொல்லிடலாமா?"

"கேக்காதன்னு சொன்னாரே. எப்பிடி சொல்றது?"

கல்யாணம் வரைக்கும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவள் வீட்டுக்காரர் சொன்னார். அந்த நகலை எத்தனையோ விதமாகத் துழாவியிருக்கிறாள். அந்தத் தட்டையான இடங்களில் போட்டு நிரப்ப ஒன்றும் கிடைக்கவில்லை.

கோவில் மண்டபத்தில் கல்யாணம். பாக்கியம் பட்டுப்புடவை கட்டி, லேப்டாப்போடு வந்து, மைக் செட்டுக்காரரை ஓரம் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். தாலி கட்டி முடிந்தது. தமிழ்நிலா மணவறையில் மாலையோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. கலியன் அண்ணன் பாக்கியத்தைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் என் கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டு பட்டனை அமுக்கினாள்.

"தமிழூ...! ஏ, தமிழூ...!"

மண்டபமே நிமிர்ந்தது. பந்தியில் சோறு போட்டுக்கொண்டிருந்தவர்கள் வாளியோடு நின்றார்கள். கூப்பிட்ட குரல் ஓய்ந்து, அந்தத் தட்டையான அமைதி வந்தது. பாக்கியம் கண்ணை இறுக்கி மூடினாள்.

"இதோ இருக்கேம்பா!" என்றாள் தமிழ்நிலா. நினைத்துச் சொன்னதில்லை. சின்னப் பிள்ளையாக வரப்பில் நின்று சொன்னது போலக் கத்திவிட்டாள்.

அவள் சொல்லி முடிக்கவும் அடுத்த குரல் வந்தது.

"எங்க இருக்கிற?"

அமைதி.

"இங்கதாம்பா!"

"பசிக்குதா?"

அமைதி. அவளால் சொல்ல முடியவில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். மாலை நனைந்தது. அந்த அமைதி அவளுக்காகக் காத்திருந்தது.

"பாத்து நட. வரப்பு வழுக்கும்."

"சரிப்பா."

"சரி, நீ போயி வெளையாடு. அப்பா இங்கதான் இருக்கேன்."

அதற்குப் பிறகு நீளமாக ஒரு தட்டை. அந்த அமைதிக்குள் தமிழ்நிலா எழுந்து ஓடிப்போய் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். கலியன் அண்ணன் வாய் மட்டும் தமிழு, தமிழு என்று அசைந்தது.

பாக்கியம் இன்னும் என் கையை விடவில்லை. திரையில் கோடு தட்டையாக ஓடி முடிகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

"பழுதில்லக்கா" என்றாள். "எங்கயுமே பழுதில்ல."